89 அடி அன்னபூரணியும் நம்முடைய மாலுமிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

வெள்ளவத்தை ரயில் பாதையோரம் நின்று கடலைப் பார்த்தால் இன்று தெரிவதெல்லாம் கொள்கலன் கப்பல்கள்தான். பாய்க்கப்பல் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது படங்களில் பார்க்கும் வெள்ளை நிற யாட். அது பணக்கார வெளிநாட்டவரின் சாமான், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறார்கள். ஆனால் 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பாய்க்கப்பல், நம் நாட்டில், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் கட்டப்பட்டது. பெயர் அன்னபூரணி. அதைக் கொண்டுபோன மாலுமிகளில் ஐந்து பேர் அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குத் தண்டையலாக இருந்தவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை.

வாங்கியவர் வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஆசைக்கு வாங்கியவர் அல்ல. 1928க்கும் 1931க்கும் இடையில், சுமார் 32 அடி நீளமான 'ஸ்வாப்' என்ற சிறு படகில் உலகைச் சுற்றி வந்தவர். அப்படிப்பட்டவர் 1930இல் கட்டப்பட்ட ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்து, இதில் அமெரிக்கா வரை போகலாம் என்று முடிவெடுத்தார் என்றால், அந்தக் கப்பலில் என்ன இருந்தது?

நீளம் 89 அடி, அகலம் 19 அடி. கொழும்பில் ஓடும் இரண்டு பெரிய பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் இந்த நீளம் வராது. இன்றைய கணக்கில் இது மிகப் பெரிய யாட். பாய்மரம் இரண்டு. பிரிகண்டைன் என்ற வகையைச் சேர்ந்தது: முன்மரத்தில் குறுக்காகக் கட்டும் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாட்டில் கட்டும் பாய். கட்டிய மரம் வேம்பு! நாம் பல்லுத் தீட்டவும் அம்மை கண்ட வீட்டில் வைக்கவும் மட்டும் நினைக்கிற அதே வேம்பு. கசப்பு மரமாதலால் பூச்சி எளிதில் அண்டாது என்பது ஊரறிந்த விஷயம். அதன் வளைந்த கொம்புகள் கப்பலின் விலா எலும்பான வங்குக்குப் பொருந்தும். கட்டியவர் சுந்தர மேஸ்திரியார். இந்த மரபில் வந்த மேஸ்திரிமார் காகிதத்தில் வரைபடம் போட்டுக் கட்டியவர்கள் அல்ல. ஏராக்கட்டையைக் கிடத்திவிட்டால் மற்ற அளவெல்லாம் கண்ணிலும் கயிற்றிலும்தான்.

வேகத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. கப்பலின் அடிப்பாகம் நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அதிகபட்ச வேகம் மணிக்கு எத்தனை கடல் மைல் என்று ஏறக்குறையத் தெரியும். 25 அடி என்றால் 6.7 கடல் மைல். 81 அடி என்றால் 12. அதனால்தான் நீளமான கப்பல் தூரப் பயணத்துக்கு நல்லது. ஆனால் இது உச்ச எல்லை மட்டுமே. சரக்கு ஏற்றுவதற்காக வயிறு பெருத்துக் கட்டிய கப்பல் நல்ல காற்றிலும் அந்த எல்லையைத் தொடுவது அபூர்வம்.

பலவீனமும் இருந்தது. சதுரப் பாய்க் கப்பலுக்குப் பின்காற்று தேன் மாதிரி, எதிர்க்காற்று விஷம். இன்றைய யாட்டின் அடியில் ஈயக் கனத்துடன் ஆழமான கீல் இருக்கிறது. அதனால் அது காற்று வரும் திசைக்கு 45 பாகை வரை நெருங்கி ஓடும். பழைய சதுரப் பாயால் 60 பாகைக்குள் போவதே பெரும்பாடு. 1937 பெப்ரவரி கடைசியில் அன்னபூரணி வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்டது. வாடைக் காற்றுக் காலம், அரபிக்கடலைக் கடக்கத் தோதான நேரம். ஏடன் தாண்டிய பிறகுதான் சோதனை. செங்கடலின் வடபாதியில் வருடம் முழுக்க வடக்கிலிருந்து, முகத்துக்கு நேரே காற்று. சுயஸ் தாண்டினால் மத்தியதரைக் கடல், அதன்பின் அத்லாந்திக். இடையில் தரிப்பு, திருத்தம் எல்லாம் சேர்த்து மொத்தம் 17 மாதங்கள். பயணத்தில் கப்பலின் பெயரும் மாறிப்போனது. குளோஸ்டரில் இறங்கும்போது அது 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்', வாங்கியவரின் மனைவியின் பெயர். காசு கொடுத்தவர் பெயர் வைப்பது உலக வழக்கம்தான், ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

"இது வடக்கத்தியார் கதை, நமக்கென்ன?" என்று நம்மவர் சிலர் கேட்கலாம். அந்தக் கப்பலில் புழங்கிய சொற்களைப் பாருங்கள். கப்பலைத் திருப்புவது சுக்கான். அரபியிலும் அது சுக்கான்தான். பலகை இடுக்கில் நாரையும் எண்ணெய்ப் பசையையும் அடித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பத்து. அதற்கும் அரபியில் உறவுச் சொல் உண்டு. மாலுமி என்ற சொல்லோ 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. அரபியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். வழி தெரிந்தவரே கப்பலில் ஆசிரியர். (நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யார் தந்தார்கள்!) பருவக்காற்றை ஆங்கிலேயர் சொல்லும் 'மொன்சூன்' கூட 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லின் பேரப்பிள்ளை. சிங்களச் சகோதரர்கள் நம்மை 'மரக்கல' என்று அழைப்பதையும் பலர் மரக்கலத்தோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, கொழும்பைச் செரந்தீபின் மிக அழகான, மிகப் பெரிய ஊர்களில் ஒன்று என்று எழுதி வைத்தார். அவர் வந்ததும் பாய்க்கப்பலில்தான். மாலைதீவிலிருந்து மாசிக் கருவாடு புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் பாய் விரித்துத்தான்.

ரொபின்சன் பிறகு தனக்கென்று ஒரு கப்பல் கட்டினார். 1942இல் முடிந்த அதன் பெயர் 'வருவா', நீளம் 70 அடி. பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஸ்டார்லிங் பர்ஜஸுடன் சேர்ந்து வரைந்தது. எந்த வடிவத்தையும் தெரிவு செய்ய வசதியிருந்த அந்த மனிதர் தெரிந்தெடுத்தது மறுபடியும் இரண்டு மரமும் முன்மரத்தில் குறுக்குப் பாயும் கொண்ட பிரிகண்டைன். அன்னபூரணியிடம் அவர் கற்றது இதில் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் பிடிக்காத ஒன்றை யாரும் திரும்பக் கட்டுவதில்லை.

வருவாவின் படம் இன்றும் நூல்களில் கிடைக்கிறது. மேஸ்திரியாரின் கண்ணிலும் கயிற்றிலும் இருந்த அளவுகளுக்குப் படம் இல்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் துறைமுகத்தில், தோணியில், பாய்க்கப்பலில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் அப்பா, வாப்பா, அப்பப்பா, அப்பா வழிச் சொந்தம் யாரிடமாவது கேளுங்கள். கப்பல் உறுப்புகளின் பெயர், கயிறுகளின் பெயர், காற்றுகளின் பெயர், எதுவானாலும் சரி, அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதிக் கீழே போடுங்கள். எழுத நேரமில்லை என்றால் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.