நாம் விட்டுவிட்ட மூன்று அங்குலம்



சென்ற வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த தம்பி ஒருவர் அலைபேசியில் அழைத்தார். பெரம்பலூர்ப் பக்கம் உள்ள தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டப்போகிறாராம். "ஐயா, படுக்கையறைக்கு ஒரு டன் ஏசி போதுமா, ஒன்றரை டன் போடணுமா?" என்று கேட்டார். நான் வரலாற்று வாத்தியார். ஏசியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒரு கேள்வி கேட்டேன். "தளத்துக்கு மேலே என்னப்பா போடப்போறே?"

"ஒழுகாம இருக்க கெமிக்கல் கலந்து பூசிடுவாங்க ஐயா. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்னு இன்ஜினியர் சொல்லிட்டார்."

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏறக்குறைய அதே வார்த்தையை 1987-ல் நானே சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் ஊர்க் கூரைகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வகுப்பு என்று நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

நம்முடையது கடலோரம் அல்ல. திருச்சி, கரூர், பெரம்பலூர், வேலூர் எல்லாம் உள்நாட்டு வறண்ட பூமி. கத்தரி வெயிலில் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மாலையில் கடற்காற்று வந்து நம்மைக் காப்பாற்றாது. ஆனால் ஒரு நன்மை உண்டு. காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும். பகல் வெப்பத்தை வெளியே நிறுத்திவிட்டு இரவுக் குளிர்ச்சியை உள்ளே விட்டால், பாதிக் கோடையைத் தாண்டிவிடலாம். பழைய வீடுகளின் தந்திரமெல்லாம் இதுதான்.

முதலில் இருந்தது கூரை வீடு. மண் சுவர், மேலே பனையோலையோ கரும்புச் சோகையோ புல்லோ கனமாக வேய்ந்திருப்பார்கள். அந்தத் தாள்களுக்கிடையே அசையாத காற்று அடைபட்டிருக்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி குளிரைத் தடுப்பதும் கூரை வெயிலைத் தடுப்பதும் ஒரே காரணத்தால்தான். ஒரே கனத்தில் வைத்துப் பார்த்தால், வேய்ந்த கூரையைவிடக் கான்கிரீட் ஏறத்தாழ 20 மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

ஆனால் கூரை வீட்டைப் பற்றிப் பெருமூச்சு விட நான் தயாராக இல்லை. அதில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேய வேண்டும். கரையான், எலி, எலியைத் தேடிவரும் பாம்பு. சித்திரை வெயிலில் ஒரு வீட்டில் தீப்பொறி விழுந்தால் தெருவே போகும். வசதி வந்த முதல் நாளே மக்கள் கூரையை விட்டு வெளியேறியதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது ஓடு. குயவர் சக்கரத்தில் செய்த நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடர்த்தியாக அடுக்குவார்கள். இடைவெளிகளில் காற்று நிற்கும். பிறகு வந்தது சீமை ஓடு. 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் இயந்திர ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ரயில் வந்தபிறகு அந்த ஓடு உள்நாட்டு ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. நாட்டு ஓட்டைவிட எடை குறைவு, ஒழுகல் குறைவு. ஆனால் ஒற்றை அடுக்கு, மெல்லியது. அதனால் நடுப்பகலில் வீட்டுக்குள் வெக்கை இறங்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். இடுக்குகள் வழியே சூடான காற்றும் வெளியேறும். பலர் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்துப் பரண் வைத்துக்கொண்டார்கள். ஓட்டுக்கும் பரணுக்கும் இடையில் இருந்த காற்றுதான் அவர்களுக்குக் காப்பு.

வசதி படைத்தவர்கள் மெத்தை வீடு கட்டினார்கள். ஆங்கிலேயர்கள் அதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் கட்டுவார்கள். அதற்கு மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் தாளத்துக்குப் பாட்டும் உண்டு. கடைசியில் மேலே தட்டோடு பதிப்பார்கள். எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஓரடிக் கனம். பழைய தாலுகா அலுவலகங்களுக்குள் மே மாதம் நுழைந்திருப்பவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் கனமான சுவரும் நடு முற்றமும் சேர்ந்து இதே வேலையைச் செய்தன.

இனி சிமெண்ட் கதை. சாத்தனூர் கல்மரம் பார்க்க உங்களை அழைத்துப்போனேனே, நினைவிருக்கிறதா? அந்தப் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்று சொன்னேன். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் காளவாயில் வெந்து நம் முன்னோர்களுக்குக் காரையானது. அதே கல்லுக்காகத்தான் 1939-ல் கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை வந்தது.

ஆனாலும் சாதாரண மனிதன் கைக்குச் சிமெண்ட் எளிதில் வரவில்லை. விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டப் பெர்மிட் வாங்க அலைந்த கதையை உங்கள் தாத்தாமார்கள் சொல்வார்கள். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-ல் முழுவதும் நீங்கியது. நம் கிராமங்களில் ஓட்டு வீடுகள் மளமளவென்று கான்கிரீட் வீடுகளாக மாறியது அதற்குப் பிறகுதான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் கான்கிரீட் தளம் போடத் தொடங்கியபோது பழைய மெட்ராஸ் டெரஸின் மேலடுக்கைக் கைவிடவில்லை. கான்கிரீட்டுக்கு மேலும் அதே மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிக் காரை, அதற்கு மேல் தட்டோடு. 'வெதரிங் கோர்ஸ்' என்று இன்றும் மதிப்பீட்டில் எழுதுவார்கள். அந்த அடுக்கு இரண்டு வேலை செய்தது. ஒன்று, மழைநீரைத் தேங்கவிடாமல் வழியவைத்தது. இன்னொன்று, வெயிலைக் கொஞ்சம் தடுத்து, தளம் நேரடியாகக் காயாமல் பார்த்துக்கொண்டது. முதல் வேலை எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒழுகலைத் தடுக்க ரசாயனம் வந்ததும், "இனி இது எதற்கு?" என்று நாமாகவே விட்டுவிட்டோம். ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை பார்த்த ஆளை, ஒரு வேலைக்கு இயந்திரம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பியது போல ஆகிவிட்டது.

இப்போது என் கதை. 1987-ல் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டேன். தெருவில் முதல் கான்கிரீட் வீடு என்ற பெருமை. மேஸ்திரி கேட்டார்: "சார், மேலே செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிச்சிடலாமா?" கையில் பணம் தீர்ந்திருந்தது. "ஒழுகாம இருந்தாப் போதும் மேஸ்திரி, பூசி விட்டுடுங்க" என்றேன்.

அந்தக் கோடையில் அம்மா வீட்டுக்குள் படுக்கவில்லை. முதலில் திண்ணை. பிறகு பாயை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். அது சோகை வேய்ந்த கொட்டகை. "மகன் மெத்தை வீடு கட்டிட்டு அம்மாவை மாட்டோட படுக்க வைக்கிறான்" என்று ஊர் பேசுமே என்று எனக்குக் கோபம். ஒரு நாள் சத்தம் போட்டும் விட்டேன். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "உள்ள மேலேருந்து அனல் இறங்குதுடா. இங்க மாடே நிம்மதியாத் தூங்குது." நான் அதைப் பழைய காலத்து மனுஷியின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

அம்மா சொன்னது அப்பழுக்கற்ற அறிவியல். பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம், அந்தச் சூட்டை நான்கைந்து மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அடிப்பக்கம் கொதிக்கிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே நம்மேல் தள்ளுகிறது. அம்மா இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் மாடியில் தட்டோடு பதித்தேன். பதித்த முதல் கோடையில் வித்தியாசம் தெரிந்தது. அதை அனுபவிக்க வேண்டியவர் இல்லை.

2004 ஜூலை 16 நம்மில் யாருக்கும் மறக்காது. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கூரை தீப்பிடித்து இறந்தார்கள். அதன்பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். அகற்றியதுதான் சரி, அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் பல இடங்களில் அதற்குப் பதிலாக வந்தது வெறும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும். மதிய வகுப்பில் பிள்ளைகள் கண் சொருகுவதை நான் சோம்பல் என்று திட்டியிருக்கிறேன். 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வந்தபோது எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் முறையாகத் தீப்பிடிக்காத வீடும் ஊருக்குள் ஒரு மரியாதையும் கிடைத்தன. அந்த வீடுகளின் தளத்துக்கு மேலும் ஓர் அடுக்குக் காப்பு இருந்தால் இன்னும் எவ்வளவு நன்றாக இருக்கும்! 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமல்ல, ஆறாத அறையில் இரவு முழுக்கக் கிடக்கும் முதியவர்களுக்கும் அது உயிர்ப் பிரச்சினை.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு: காப்பைத் தளத்துக்கு மேலே போடுங்கள், கீழே அல்ல. மேலே போட்டால் தளமே சூடாகாது. செங்கல் ஜல்லி மட்டும் இன்றைய வெயிலுக்குப் போதாது. தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த கெட்டியான காப்புப் பலகைகள் கிடைக்கின்றன. நீர்காப்புச் செய்த தளத்தின்மேல் அவற்றைப் பரப்பி, அதன்மேல் காரையும் ஓடும் போடலாம். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டு விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் புகும் அளவுக்கு 1.2 என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நம் வெறும் தளத்தின் அளவு 3-க்கும் மேல். ஓர் அங்குலப் பலகையே அதை வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். இரண்டு அங்குலம் இன்னும் நல்லது. சின்ன மனையில் கட்டும் நம்மை அந்த விதி கட்டாயப்படுத்தாது. அதனால்தான் நாமே கேட்டுப் போடவேண்டும். மேற்குச் சுவருக்கு ஏஏசி கல் வைத்தால், அது அதே கனமுள்ள செங்கல் கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடத்தும்.

ஏற்கெனவே கட்டியவர்களுக்கு: மாசி பங்குனியில் மாடியைக் கழுவி, பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வருடாவருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் பணம் சேரும்போது வெள்ளைத் தட்டோடு பதியுங்கள். தகரக் கூரைக்கும் வெள்ளை அடிக்கலாம். ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு இடிக்காதீர்கள். கீழே பலகை அடித்து, இடையில் காற்று போய்வர வழி விட்டாலே வீடு மாறிவிடும்.

எந்த வீடாக இருந்தாலும், பகலில் வெயில் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். இரவில் எல்லாவற்றையும் திறங்கள். பாட்டி செய்தது அதுதான்.

அந்தத் தம்பியிடம் கடைசியாகச் சொன்னேன்: "ஏசி போடு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா காப்பு இல்லாத தளத்துக்குக் கீழே ஏசி போடறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி. மேல மூணு அங்குலத்தைப் போட்டுட்டு அப்புறம் டன் கணக்கைப் பாரு. அப்பா அம்மா எந்த அறையில படுக்கப்போறாங்களோ, அந்த அறைக்கு மேல முதல்ல போடு."

"சரிங்க ஐயா" என்றார். அடுத்த மாதம் கடைக்கால் தோண்டுகிறார்கள். தளம் போடும் அன்று என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டாயம் போவேன்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே பாயை விரிக்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். அவர்கள் இடம் மாறிப் படுத்தால் சத்தம் போடாதீர்கள். நிமிர்ந்து கூரையைப் பாருங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.