பவர் ஹவுஸ் பக்கத்திலேயே, ஆனாலும் ஃப்ரீசர் போச்சு

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வீட்டுக்கதை.

எங்கள் ஊர் மசினகுடி. அத்தை அங்கே ஒரு சின்ன மெஸ் நடத்துகிறார். கடன் வாங்கி ஒரு ஃப்ரீசர் போட்டார். ஒரு மழைக்கால ராத்திரி கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது, வந்தது... காலையில் பார்த்தால் கம்ப்ரஸர் எரிந்து கிடக்கிறது. உள்ளே இருந்த கோழியும் மீனும் குப்பைக்குப் போயின. கடன் மட்டும் மிச்சம். "பவர் ஹவுஸைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நமக்கே இப்படியாடா?" என்றார் அத்தை. நியாயமான கேள்விதான். பதில் தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சிங்காரா. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மேலே கிளன்மார்கனிலிருந்து 3000 அடிக்கும் அதிகமான உயரம் குழாயில் இறக்கி, இங்கேதான் டர்பைனைச் சுற்றுகிறார்கள். சென்னை மாகாண அரசு 1929ல் ஆரம்பித்த வேலை இது. 1932ல் மின் உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரம் யாருக்காக? முக்கியமாகக் கோயம்புத்தூருக்காக. 1930களில் கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் ஒரு பெரிய காரணம். பிறகு 1952ல் மாயாறு மின்நிலையம், 2005ல் சிங்காரா பக்கம் பூமிக்கடியில் 150 மெகாவாட் நிலையம் என்று வரிசையாக வந்தன.

அத்தைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பவர் ஹவுஸில் பிறக்கும் மின்சாரம் நேரே நம் வீட்டுக்கு வருவதில்லை. உயர் அழுத்தத்துக்கு ஏற்றப்பட்டு பொதுத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. நமக்கு வருவது சப்ஸ்டேஷன், டிரான்ஸ்பார்மர் எல்லாம் தாண்டி, காட்டு வழியாக வரும் கம்பியில். யானை தள்ளிய மரம் விழுந்தாலும், காற்றில் கிளை உரசினாலும், இடி விழுந்தாலும் பாதிப்பு அந்தக் கம்பிக்குத்தான். நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைகூட வந்துவிடும்!

இந்தியாவில் கோத்ரெஜ் 1958ல் ஃப்ரிட்ஜ் தயாரித்தது. ஃப்ரிட்ஜும் டிவியும் பரவப் பரவ, வோல்டேஜ் தொல்லை ஒரு தொழிலையே வளர்த்தது. 1977ல் கொச்சியில் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்த சின்னப் பட்டறைதான் வி-கார்ட்.

சரி, ஃப்ரீசர் ஏன் எரிந்தது? கம்ப்ரஸர் நின்றதும் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாக இருக்கும். அது சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதற்குள் கரண்ட் வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறி, வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அப்படியே சூடாகி வைண்டிங் போய்விடும். குறைந்த வோல்டேஜிலும் இதே கதிதான்.

அதனால் மூன்று நிமிடம் காத்திருந்து இணைக்கும் 'டைம் டிலே', வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டிக்கும் வசதி இரண்டும் உள்ள ஸ்டெபிலைசர் வேண்டும். ஆனால் இடியை ஸ்டெபிலைசர் தடுக்காது. இடியின் அதிர்ச்சி கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும், ரிலே அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அதற்கு மெயின் போர்டில் சர்ஜ் புரொடக்டர் தனியாக வேண்டும். அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான் பயன். எங்கள் அத்தை வீட்டில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தே கிடந்தது! ஃப்ரீசருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி., மூன்று பின் சாக்கெட் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

இடி வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே பிளக்கைப் பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. நிறைய பொருள் இருக்கும் ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது.

அத்தை இப்போது புது ஃப்ரீசர் வாங்கிவிட்டார். அதற்கு முன்னால் வாங்கியது ஸ்டெபிலைசர், அதற்கும் முன்னால் போட்டது எர்த் :-)