விடுபட்ட பதக்கங்கள்: படைவீரரின் பணிப் பதிவேட்டைத் திருத்துதல்

படையில் பணியாற்றியவருக்குச் சேர வேண்டிய பதக்கம் அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறாமல் போயிருந்தால், சான்றுகளைக் காட்டி அதை ஏற்றச் செய்வதே பதிவேட்டுத் திருத்தம். ஏட்டில் வரி ஏற வேண்டும். பிறகு பதக்கம் கைக்கு வர வேண்டும். முதலாவது நடக்காமல் இரண்டாவது நடக்காது. இந்திய ராணுவத்தில் இது வீரத்தைப் பற்றிய வழக்காக வருவது அபூர்வம். எப்போதோ ஒரு கிளார்க் எழுதாமல் விட்ட ஒரு வரியைத் தேடிப் போகும் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்குக் குறைவில்லை. நாகர்கோவில் ஜங்ஷன் ரயில் நிலையம் இருப்பது அந்நகரின் கோட்டாறு பகுதியில்தான். ஆனால் 1965, 1971 போர்களுக்குப் போன தலைமுறைக்கு அந்த ரயில் வாய்க்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து தண்டவாளம் வந்தது 1979இல், திருநெல்வேலியிலிருந்து வந்தது 1981இல். லீவு முடிந்தால் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி, திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். அந்தத் தலைமுறையில் உயிரோடு இருப்பவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். விடுபட்ட மெடலைப் பற்றிய கேள்வி அதிகம் எழுவதும் அவர்கள் வீடுகளில்தான். பல வீடுகளில் கேட்பவர் மனைவி அல்லது பேரப்பிள்ளை.

இந்தப் பகுதிக்குப் படைத் தொடர்பு புதிதல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாயைக் கொண்டே தன் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்க வைத்தார். டி லனாயின் கல்லறை தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. திருவிதாங்கூரின் படைப்பிரிவுகள் சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தில் இணைந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது, 16ஆவது பட்டாலியன்களாயின. அந்த ரெஜிமெண்டின் தலைமையிடமும், பணி ஆவணங்களைக் காக்கும் ரெக்கார்ட் ஆபீஸும் நீலகிரியில், வெலிங்டனில் உள்ளன.

எது விடுபடுகிறது?

ராணுவப் பதக்கங்களை இரண்டு வகையாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா போன்றவை தனி ஒருவரின் செயலுக்காகப் பரிந்துரைத்து வழங்கப்படுபவை. இவை மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டன. மற்ற வகை, ஓர் இடத்தில், ஒரு காலத்தில் பணியில் இருந்த எல்லாருக்கும் உரியது. 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971 போரில் கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார். 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு, போர்முனைக்கே போகாவிட்டாலும், சங்க்ராம் மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று சீருடையில் இருந்தவருக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். 1997இல் பொன்விழாப் பதக்கம். 2022இல் எழுபத்தைந்தாம் ஆண்டுப் பதக்கம். 9, 20, 30 ஆண்டுப் பணிக்கென்று தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. சியாச்சினுக்கும் மிக உயரமான மலைப்பகுதிகளுக்கும் வேறு, வெளிநாட்டுப் பணிக்கு விதேஷ் சேவா மெடல் வேறு.

தொலைந்து போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். வீர் சக்ராவை அரசிதழ் மறக்காது. எல்லாருக்கும் உரியதைத்தான் யாரும் தேடுவதில்லை. பணக் கணக்கும் இதற்குத் துணைபோகிறது. வீரப் பதக்கங்களுக்கு மாதப்படி உண்டு. பொதுப் பதக்கங்களுக்குக் கிடையாது. காசு வராத வரி விடுபட்டால் பென்ஷன் தாள் பார்க்கும்போதுகூடக் கண்ணில் படாது.

பார்ட் டூ ஆர்டர்

ராணுவத்தில் ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் எதுவும் பார்ட் டூ ஆர்டரில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. லீவில் போனது, திரும்பியது, வேறு யூனிட்டுக்கு மாறியது, கோர்ஸ் முடித்தது மட்டுமல்ல. கல்யாணமும் குழந்தை பிறந்ததும்கூட அதில் வெளியாக வேண்டும். மனைவி பெயர் அதில் ஏறாமல், குடும்பப் பென்ஷனுக்கு அலைந்த விதவைகள் மாவட்டந்தோறும் உண்டு. யூனிட் அலுவலகம் வெளியிடும் இந்த ஆணையின் படி ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். அங்கே ஷீட் ரோல் என்னும் பணிச்சுருளில் பதியப்படும். பணி முடிந்து வருகிறவர் கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் அந்தச் சுருளின் சுருக்கம்தான்.

அந்தப் புத்தகத்தில் உயரம், அங்க அடையாளம், கற்ற தொழில், நடத்தை ஆகியவற்றோடு பதக்கங்களுக்கும் ஓர் இடம் உண்டு. நடத்தைக்கு நேராக 'எக்ஸம்ப்ளரி' என்று எழுதிவிட்டு, பதக்கத்துக்கு நேராக ஒரு கோடு இழுத்து வைத்திருப்பார்கள். முன்னாள் படைவீரர் கோபப்படுவது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

கோடு விழுவதற்குச் சாதாரணக் காரணங்களே போதும். போர்ப் பதக்கங்கள் போர் முடிந்த பிறகுதான் நிறுவப்படுகின்றன. அவற்றை வார்த்து, பெயர் பொறித்து அனுப்ப மேலும் காலம் பிடிக்கும். இதற்குள் பணி முடிந்து ஊர் திரும்பியவரின் புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? போர் நடக்கும்போது வேறு யூனிட்டோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டவரை இரண்டு அலுவலகங்களும் மற்றது எழுதும் என்று விட்டுவிடும். காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தவர் யூனிட்டின் பட்டியலில் இருக்கமாட்டார். பணி முடித்துப் பிறகு பாதுகாப்புப் பாதுகாவல் படையில், அதாவது டி.எஸ்.சி.யில், மறுபடி சேர்ந்தவருக்கு இரண்டு பணி எண்கள், இரண்டு ரெக்கார்ட் ஆபீஸ்கள்: முதல் பணிக்குப் பழைய ரெஜிமெண்ட், இரண்டாவதற்குக் கண்ணூர். நீண்டகாலப் பணிப் பதக்கம் இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுவது எளிது.

கோட்டாற்றுக்காரருக்கு இன்னும் சில சிக்கல்கள் கூடுதலாக உண்டு. கோட்டாறு இருக்கும் அகஸ்தீஸ்வரம் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1955இல் சேர்ந்தவரின் தாளில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்றிருக்கும். பிறகு வந்த தாளில் மெட்ராஸ். 1969 ஜனவரிக்குப் பின் தமிழ்நாடு. வீடு மாறவே இல்லை, மாநிலம் மூன்று. பிறந்த தேதியோ பள்ளி ஏட்டில் கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் 1110 என்பது 1934-35. மாதத்தைக் கவனிக்காமல் 825ஐக் கூட்டினால் ஓராண்டு பிசகலாம். பெயர்க் குழப்பம் எல்லாவற்றையும் விட மோசம். புனித சவேரியார் பேராலயம் இருக்கும் ஊரில் சவேரியார் பெயரும் சேவியர் பெயரும் வீட்டுக்கு வீடு உண்டு. ஆங்கிலத்தில் அதை எழுத ஆளுக்கொரு வழி. தகப்பன் பெயரை இனிஷியலாகப் போடும் வழக்கத்தை அறியாத எழுத்தர், அதையே குடும்பப் பெயராக்கி முன்பின்னாக எழுதிவிட்டால், ஒரே ஆள் பதிவில் இரண்டு ஆளாகிறார்.

ஆகவே தேடலில் பெயரை நம்பக் கூடாது, பணி எண்ணைத்தான் நம்ப வேண்டும். எண் ஒன்றாக இருந்தால் எழுத்துப்பிழைகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

மனுவின் வழி

விண்ணப்பம் போக வேண்டிய இடம் பதக்கம் கொடுக்கும் இடமல்ல, ரெக்கார்ட் ஆபீஸ். அது எங்கே என்பது எந்தப் பிரிவில் பணியாற்றினார் என்பதைப் பொறுத்தது: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்திராபாத், மருத்துவப் பிரிவு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள அலுவலகம். விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க். வழி தெரியாதவர்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கடிதம் எழுதிக் கொடுக்கும். பழைய ஆட்கள் இன்னும் அதை சைனிக் போர்டு என்றே சொல்கிறார்கள்.

மனுவில் பணி எண், பதவி, பெயர், யூனிட், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, கோரும் பதக்கம், அதற்குத் தகுதியான காலத்தில் எங்கே இருந்தார் என்பது ஆகியவை வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. எனும் பென்ஷன் வழங்கல் ஆணை ஆகியவற்றின் நகல்கள் கூடவே போக வேண்டும். இறந்தவருக்காகக் கேட்பவர் இறப்புச் சான்றும் உறவுச் சான்றும் இணைக்க வேண்டும். 'எனக்கு வர வேண்டிய எல்லா மெடல்களையும் அனுப்பவும்' என்று எழுதும் மனு மேசையிலேயே கிடக்கும். பதக்கத்தின் பெயரையும் தேதியையும் குறிப்பிடும் மனு நகரும். ரெக்கார்ட் ஆபீஸ் பழைய பதிவோடு ஒத்துப்பார்த்து, தகுதி இருந்தால் புதிதாக ஒரு பார்ட் டூ ஆர்டர் வெளியிடும். அதன் பேரில்தான் பதக்கத்துக்கான கோரிக்கை மேலே போகும்.

தாள் இருந்தால் சரி. இல்லாவிட்டால்? பென்ஷன் பெறாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்கின்றன ராணுவ விதிகள். 1972இல் அப்படி வெளியேறியவரின் ஷீட் ரோல் 1997க்குப் பிறகு இல்லாமலிருக்கலாம். மிஞ்சுவது லாங் ரோல்: எண், பெயர், சேர்ந்த நாள், போன நாள் முதலிய சில விவரங்கள் மட்டும் உள்ள நிரந்தரப் பேரேடு. சங்க்ராம் மெடலுக்கு அதுவே பெரிய துணை, ஏனென்றால் அந்தக் காலத்தில் பணியில் இருந்தாரா என்பதே முதல் கேள்வி. பூர்வி, பஸ்சிமி ஸ்டார்களுக்கு அது போதாது. எந்த முனை என்று காட்ட வேண்டும்.

அங்கேதான் வீட்டுப் பெட்டி உதவுகிறது. 1971 டிசம்பரில் வந்த இன்லேண்ட் லெட்டரில் அனுப்புநர் முகவரியில் ராணுவத் தபால் நிலையம் '56 ஏ.பி.ஓ.' என்றிருந்தால் பொதுவாக வடக்கு, மேற்குப் பக்கம், '99 ஏ.பி.ஓ.' என்றால் கிழக்கு. முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதியும் விழுந்திருக்கும். இது மட்டுமே நிரூபணமாகாது. ஆனால் யூனிட்டின் போர் நாட்குறிப்போடும் உடன் பணியாற்றியவரின் உறுதிமொழிப் பத்திரத்தோடும் சேர்ந்தால் எடை கூடும். தந்தை எழுதிய கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்ட வீடுகளுக்கு இந்த வழி மூடியாகிவிட்டது.

பதில் வராதபோது தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் கட்டணத்தில், தன் பணி ஆவண நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பின் மத்தியத் தகவல் ஆணையம். ராணுவம் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அசாம் ரைபிள்ஸ், பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். ஆகியவை விலக்குப் பட்டியலில் உள்ளவை. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு மட்டுமே விதிவிலக்கு. அவற்றில் பணியாற்றியவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

தீர்ப்பாயம்

ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்துவிட்டால் அடுத்த வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அது 2009இல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம். பென்ஷன் வழக்குக்கு ஒரு சலுகை உண்டு: மாதாமாதம் குறைவாக வருவது தொடரும் தவறு என்பதால் காலதாமதத்தை மட்டும் காட்டித் தள்ளிவிடக் கூடாது என்று தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நிலுவையை மட்டும் பொதுவாக மூன்றாண்டுக்கு வரையறுத்தது. பதக்கம் மாதாமாதம் வருவதல்ல. அதனால் அந்த வாதம் இங்கே எளிதில் நிற்காது.

போர்ப் பதிவேட்டையே திருத்த உத்தரவான முக்கியமான இந்திய வழக்கு கார்கில் போரைச் சேர்ந்தது. 1999இல் பட்டாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், போருக்குப் பின் தன் மேலதிகாரி எழுதிய மதிப்பீடும் போர் அறிக்கையும் தன் பங்கைக் குறைத்துக் காட்டுவதாக வழக்குத் தொடுத்தார். 2010 மே மாதம் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்து, அந்த மதிப்பீட்டை நீக்கவும் பதிவைத் திருத்தவும் உத்தரவிட்டது. தீர்ப்பாயம் சரிசெய்தது பதிவை. தானே ஒரு வீரப் பதக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடவில்லை. பரிந்துரையே போகாத வீரச்செயலுக்கு ஐம்பது ஆண்டு கழித்து வீர் சக்ரா கேட்பவருக்கும், எழுதாமல் விட்ட சங்க்ராம் மெடலைக் கேட்பவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. முன்னவர் ஒரு முடிவை மாற்றச் சொல்கிறார். பின்னவர் இருக்கும் விதியை நிறைவேற்றச் சொல்கிறார். பின்னவருக்கே வாய்ப்பு அதிகம்.

பிற நாடுகளில் இதற்கென்றே தனி அமைப்புகள் உண்டு. அமெரிக்காவில் டிடி 214 எனப்படும் பணிவிடுப்புச் சான்றில் பிழை இருந்தால், திருத்தம் டிடி 215 என்ற தாளில் வரும். சிக்கலானவை படிவம் 149 வழியாகப் பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போகும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்துபோனதால், சம்பளப் பட்டியல் போன்ற துணை ஆவணங்களிலிருந்து பணிக்காலத்தை மீட்டெடுக்கும் முறை அங்கே வளர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விருதுகளுக்கென்றே ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1942 டிசம்பரில் மூழ்கும் கப்பலில் துப்பாக்கியை விடாமல் சுட்டு இறந்த டெடி ஷீன் என்ற மாலுமிக்கு 2020இல் விக்டோரியா கிராஸ் கிடைத்தது அதன் பரிந்துரையைத் தொடர்ந்துதான்.

இந்தியாவில் பதக்கம் தாமதமாவதால், அணிவகுப்புக்கும் விழாவுக்கும் கடையில் விற்கும் நகலை வாங்கிக் குத்திக்கொள்வது பணியில் இருப்பவர்களிடமே சாதாரணம். அந்த நகலில் பெயர் இருக்காது. அரசு தரும் பதக்கத்தின் விளிம்பில், நட்சத்திரமானால் பின்புறத்தில், எண், பதவி, பெயர், யூனிட் பொறித்திருக்கும். வழங்கிய பதக்கம் தொலைந்தால் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுச் செய்து, கட்டணம் செலுத்தி மாற்றுப் பெறலாம். முதன்முறையாக வழங்கப்படுவதற்குக் கட்டணம் கிடையாது. பார்சல் வந்ததும் விளிம்பை டிஸ்சார்ஜ் புக்கோடு வைத்துப் பார்த்து, பொறிப்பில் பிழை இருந்தால் அப்போதே ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிவிட வேண்டும். வருடம் கழித்து எழுதினால் பிழை யாருடையது என்ற கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க நேரிடும்.