இறக்கி வைத்த ஆறு கூடுகள்



போன வாரம் எமது பாடசாலையில் நடந்த ஒரு சின்ன விடயத்தைப் பற்றிப் பலர் கோல் எடுத்துக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

மீலாத் விழாவுக்காகத் தரம் ஆறு, ஏழு பிள்ளைகளைக் கொண்டு மண்டபத்தை அலங்கரித்தோம். பெற்றோரிடம் காசு சேர்க்கவில்லை. தென்னை ஈர்க்கு, நூல், ரிசு பேப்பர், கோதுமை மாப் பசை, அவ்வளவுதான். ஈர்க்குக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை, ஊரின் பெயரிலேயே தோப்பு இருக்கிறது. கொடித் தோரணங்களோடு ஆறு கூடுகளும் கட்டித் தொங்கவிட்டோம். பார்த்துவிட்டு ஒரு பெரியவர், நாம் மதிக்கிற மனிசர்தான், "சேர், இது வெசாக் கூடெல்லோ? அவங்கட சாமான நம்மட மீலாதுக்கு ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பிரச்சினை வேண்டாம் என்று ஆறையும் நாங்களே இறக்கி அலுமாரியில் வைத்துவிட்டோம். இரண்டு பின்நேரம் மெனக்கெட்டுக் கட்டிய பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. அதுதான் மனதைக் குடைகிறது.

மீலாத் கொண்டாடலாமா கூடாதா என்ற வாதத்தைத் தயவுசெய்து இதற்குக் கீழே தொடங்க வேண்டாம். மார்க்கத் தீர்ப்புக்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாம் வரலாறு படிப்பிக்கிற ஆட்கள். பெரியவர் கேட்டதை ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கூடு யாருடையது?

வெசாக் மிகப் பழைய நாள். அன்று விளக்கேற்றுவதும் பழைய வழக்கம். ஆனால் கொடி, அட்டை, வீதி அலங்காரம் எல்லாம் சேர்ந்து இன்று நாம் பார்க்கிற கோலம் உருவாகத் தொடங்கியது ஏறத்தாழ 140 வருடங்களுக்கு முன்னர்தான். 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராமய விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையில் பெரிய கலவரம். நீதி கிடைக்கவில்லை என்ற கோபத்தில் பௌத்தர்கள் அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட்டைத் துணைக்கு அழைத்தார்கள். அவர் 1884இல் லண்டனுக்குப் போய் முறையிட்டார். அதன் பலனாக 1885இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறை ஆனது. அந்த வருடம் ஏப்ரல் 28, வெசாக் அன்று, அதே தீபதுத்தாராமயவில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. இன்று எத்தனையோ நாடுகளில் பறக்கிற கொடி அது. அதை வரைந்தது கொழும்பில் கூடிய ஒரு குழு. அளவைத் திருத்தியது ஒல்கொட்.

இதில் நமக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. வெசாக் அட்டை எதைப் பார்த்து வந்தது? கிறிஸ்மஸ் அட்டையை. வெசாக் பக்திகீதம்? கிறிஸ்மஸ் கரோலை. எந்தப் பக்கத்தாரோடு மோதினார்களோ, அந்தப் பக்கத்தாரின் பண்டிகையைப் பார்த்தே தமது பண்டிகைக்கு நகை பூட்டினார்கள். அட்டை அனுப்பியதால் யாரும் கிறிஸ்தவர் ஆகிவிடவில்லை.

அதே வருடங்கள் நம் சமூகத்துக்கும் முக்கியமானவை. சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கியது 1883 ஜனவரியில், கொட்டாஞ்சேனைக் கலவரத்துக்கு இரண்டு மாதம் முன்னர். பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மருதானை மத்ரஸா 1892இல் வந்தது. ஒரே பட்டணத்தில் ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று பத்திரிகை, பாடசாலை, கொடி, விடுமுறை என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா?

சரி, கூடு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் அது 'கூடுவ'. தமிழில் கூடு. இரண்டும் ஒரே சொல்தான் என்று காது சொல்கிறது. நம் தமிழ் முஸ்லிம்களிடம் அந்தச் சொல் ஏற்கெனவே பண்டிகைச் சொல்லாக இருந்தது. நாகூர் கந்தூரியில் நாகபட்டினத்திலிருந்து சந்தனம் ஏற்றி வருகிற, விளக்கும் அலங்காரமுமான அந்த வண்டிக்குப் பெயர் என்ன? சந்தனக்கூடு. அந்த நாகூர் ஆண்டகை பெயரில்தான் நம் கிழக்கில் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறுகிறது. கந்தூரியை ஏற்காதவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு, அது தெரியும். சொல்லின் வரலாற்றை மட்டும் சொல்கிறோம்.

இனிக் கடதாசி. சீனாவில் பிறந்த பொருள். எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்து, பிறகு பக்தாத் என்று முஸ்லிம் நாடுகளுக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. காகிதம் என்ற சொல்லே பாரசீக, அரபு வழியாகத் தமிழுக்கு வந்ததுதான். 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குப் போன பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரு ஒரு விடயத்தை வியந்து எழுதி வைத்திருக்கிறார். அங்கே மரக்கறிக்காரரும் வாசனைச் சரக்கு விற்பவரும் சாமானைக் கடதாசியில் சுற்றித் தருகிறார்களாம். ஓலையிலும் தோலிலும் எழுதிக்கொண்டிருந்த உலகத்தில், சுற்றிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற அளவுக்குக் கடதாசி மலிந்திருந்தது. ஏழைப் பிள்ளை அலங்காரம் செய்ய முடிவது அப்படி மலிந்ததால்தான்.

அதே கெய்ரோவில்தான் ரமழான் விளக்கான 'ஃபானூஸ்' பிரபலம். ஹிஜ்ரி 362, அதாவது கி.பி. 973இல், ரமழான் மாதத்து இரவொன்றில் பாத்திமிய கலீபா அல்முஇஸ் நகருக்குள் நுழைந்தபோது மக்கள் விளக்கேந்தி வரவேற்றதில் அது தொடங்கியதாகக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஃபானூஸ் செய்கிற தகரக்காரர்கள் பழைய டின்களை வெட்டிக் கலர் கண்ணாடி பதித்துச் செய்தார்கள். அதுவும் மலிந்த சாமான்தான். பிறகு பாட்டுப் பாடுகிற பிளாஸ்டிக் ஃபானூஸ் சீனாவிலிருந்து வந்து குவிந்தது. பட்டறைகள் படுத்துவிட, 2015இல் எகிப்திய அரசு இறக்குமதிக்கே தடை போட வேண்டியதாயிற்று. நம் கடைகளிலும் இப்போது மடித்து விரிக்கிற பிளாஸ்டிக் கூடு தொங்குகிறது. அதை வாங்கிக் கட்டியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்களோ என்று ஒரு சந்தேகம்.

பிள்ளைகள் கட்டிய கூட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஒரு சாண் நீளத்தில் 24 ஈர்க்கு. நான்கு நான்காகக் கட்டி ஆறு சதுரம். சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்தால் பெட்டிதான் வரும். மூலையோடு மூலை கட்டினால் நடுவில் எட்டு முக்கோணங்கள் தாமாகவே விழும். அந்த எட்டையும் யாரும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. முதல் முறை அதைக் கண்டபோது ஒரு பிள்ளை, "சேர், நாங்க ஆறுதானே செஞ்சோம்!" என்று கத்தியது. பசையைக் காய்ச்சும்போது கொஞ்சம் தண்ணியாக விடுங்கள், தடித்தால் ரிசு பேப்பர் சுருங்கிக் கிழியும். மேல் சதுரத்தை ஒட்டாமல் விட வேண்டும். மெழுகுதிரி வேண்டவே வேண்டாம், சின்ன பல்ப் போதும்.

பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கைவினைஞர்களுக்கென்றே ஒரு கேத்திரகணித நூல் எழுதினார். மூன்று சதுரத்தை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்று கைவினைஞர்களோடு உட்கார்ந்து விவாதித்ததை அதில் சொல்கிறார். கோளத்தின் மேற்பரப்பைச் சம உருவங்களாகப் பிரிக்கும் முறைகளும் அந்நூலில் உண்டு. ஈர்க்கும் நூலும் கொண்டு நம் பிள்ளைகள் மண்டபத் தரையில் உட்கார்ந்து செய்தது அதற்குத் தூரத்துச் சொந்தம்.

ஆனால் பெரியவருக்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால் பக்தாதையும் கெய்ரோவையும் காட்டித் தப்பிக்கக் கூடாது. இந்தக் கூட்டை நாம் படித்த இடம் கந்தளாய். 2006 ஆகஸ்டில் மூதூரும் தோப்பூரும் உடுத்த துணியோடு நடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் தங்கிய பாடசாலை வகுப்பறை ஒன்றின் மூலையில், மே மாத வெசாக்குக்குக் கட்டிய கூட்டின் வெறும் சட்டம் தொங்கியது. கடதாசி எல்லாம் கிழிந்து போயிருந்தது. பொழுது போகாமல் நம் பிள்ளைகள் அதை அவிழ்த்து விளையாடி உடைத்துவிட்டார்கள். அடுத்த நாள் வந்த சிங்கள டீச்சர் ஏசப் போகிறார் என்று பயந்தோம். அவர் உடைந்த ஈர்க்குகளைப் பொறுக்கி எடுத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, மூலையோடு மூலை கட்டிக் காட்டினார். தமிழ் அவருக்குத் தெரியாது. கையால்தான் படிப்பித்தார். ஒட்டுவதற்கு ரிசு பேப்பர் இருக்கவில்லை, பழைய பத்திரிகைத் தாளை ஒட்டினோம். அன்று சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளில் இரண்டு பேரின் பிள்ளைகள்தான் போன வாரம் மண்டபத்தில் கூடு கட்டியவர்கள்.

அது அவங்கட கூடுதான். அவங்க நமக்குத் தந்தது. பெரியவரிடம் நேரில் போய் இதையெல்லாம் சொன்னோம். அவரும் அந்த முகாமில் இருந்தவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டீச்சர்ட பேர் என்ன?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இங்கே போட வேண்டாம்.

விசாரிக்காமல் கூடுகளை இறக்கியது எங்கள் பிழை. வருகிற வியாழன் பாடசாலை விட்ட பிறகு மண்டபத்தில் மீண்டும் கட்டுகிறோம். முன்னைய ஆறில் இரண்டு அலுமாரியில் நசுங்கிவிட்டன. வருகிற பிள்ளைகள் ஆளுக்கு 24 ஈர்க்கு, காய்ந்தது வேண்டாம், பச்சையாகச் சீவிக்கொண்டு வரவும். ரிசு பேப்பரும் நூலும் எங்கள் பொறுப்பு. பசை காய்ச்ச ஒரு உம்மா உதவிக்கு வந்தால் நல்லது.