எல்லைப்புறமா, தாயகமா? மெக்கன்சிப் பள்ளத்தாக்கு விசாரணை

ஒரு நிலத்தின் வளத்தை எடுக்க இசைவு கேட்கும்போது, அந்த இசைவு எந்த மொழியில் கேட்கப்பட்டது? வள அகழ்வின் வரலாற்றில் அரிதாகவே எழும் இக்கேள்விக்குக் கனடாவின் வடமேற்குப் பகுதி நல்லதொரு சான்று.

அங்கு உடன்படிக்கைகள் கனிமங்களைப் பின்தொடர்ந்தே வந்தன. கிளாண்டைக் தங்க வேட்டையை அடுத்து 1899-இல் எட்டாம் உடன்படிக்கை. 1920-இல் நார்மன் வெல்சில் எண்ணெய் கிடைத்த மறு ஆண்டே பதினொன்றாம் உடன்படிக்கை. தெனே மக்கள் நிலவுரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆங்கில வாசகம் கூறுகிறது. ஆனால் அவர்களுக்கு அது மொழிபெயர்ப்பாளர் வழியே வாய்மொழியாகவே சொல்லப்பட்டது. தாம் ஏற்றது அமைதிக்கும் நட்புக்குமான ஒப்பந்தமே என்பது தெனே முதியோரின் நினைவு. 1973-இல் நீதிபதி வில்லியம் மாரோ அம்முதியோரின் சாட்சியங்களைக் கேட்டு, நிலவுரிமை உண்மையிலேயே நீங்கியதா என்பது ஐயத்துக்குரியது என்றார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. எனினும் ஐயம் நீங்கவில்லை.

இதற்கிடையே, 1968-இல் அலாஸ்காவின் புருடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய், எரிவாயு வளம் கண்டறியப்பட்டிருந்தது. வடக்கின் எரிவாயுவை மெக்கன்சிப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே கொண்டுசெல்லும் குழாய்த் திட்டம் உருவானது. அதன் விளைவுகளை ஆராயக் கனடா அரசு 1974-இல் நீதிபதி தாமஸ் பெர்கரை நியமித்தது.

பெர்கர் வல்லுநர்களின் சாட்சியத்தோடு நிற்கவில்லை; 35 ஊர்களுக்கு நேரில் சென்றார். ஏறத்தாழ ஆயிரம் பேர், பலர் தத்தம் தாய்மொழியிலேயே, வேட்டை நிலங்களையும் மீன்பிடி முகாம்களையும் பற்றிப் பேசினர். கனடா வானொலி அவற்றின் சுருக்கத்தைத் தெனே மொழிகளிலும் இனுக்டிடுட் மொழியிலும் ஒலிபரப்பியது. ஓர் ஊரின் சாட்சியம் அடுத்த ஊருக்கு முன்னுரையாயிற்று. பழங்குடி அமைப்புகள் ஆயத்தமாவதற்கு அரசு நிதியும் அளிக்கப்பட்டது.

1977-இல் வெளிவந்த அறிக்கையின் தலைப்பிலேயே இரு சொற்கள் எதிரெதிரே நின்றன: வடக்கு எல்லைப்புறம், வடக்குத் தாயகம். தமிழில் 'எல்லைப்புறம்' என்றால் காவல் நினைவுக்கு வருகிறது. வட அமெரிக்க ஆங்கிலத்திலோ 'ஃபிரான்டியர்' என்பது குடியேறிகளுக்காகக் காத்திருக்கும் வெற்று நிலம். ஒரே நிலத்தை 'வெற்று' என்று ஒருவரும் 'வீடு' என்று மற்றொருவரும் அழைத்தனர். காரிபு மான்கள் கன்று ஈனும் வட யூக்கான் வழியாகக் குழாய் செல்லவே கூடாது என்றும், நிலவுரிமைக் கோரிக்கைகள் தீர்வதற்காகப் பள்ளத்தாக்குக் குழாயைப் பத்தாண்டுகள் ஒத்திவைக்க வேண்டும் என்றும் பெர்கர் பரிந்துரைத்தார்.

இதை 'மரபுக்கும் வளர்ச்சிக்கும் இடையிலான போர்' என்று வாசிப்பது பிழை. இனுவியாலுயிட் மக்கள் 1984-இலும், குவிச்சின் மக்கள் 1992-இலும், சாட்டு பகுதியினர் 1993-இலும் நில ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டனர். 2000-க்குப் பிறகு புதிய குழாய்த் திட்டம் வந்தபோது, பழங்குடிச் சமூகங்கள் பல சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு உரிமைக்குப் பேச்சு நடத்தின. வேறு சில உடன்பட மறுத்தன. சந்தை நிலை மாறியதால் 2017-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் இம்முறை நிலத்துக்குரியோரின் முடிவுகளாக இருந்தன.

வள அரசியலை ஆராயும் மாணவர்கள் ஒப்பந்தத்தின் பிரிவுகளோடு, அதைப் பெயர்த்துச் சொன்னவர் யார், கேட்டவர் எந்த மொழியினர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையொப்பம் இருக்குமிடத்தில் எல்லாம் இசைவு இருந்ததாகக் கொள்ள முடியாது.