நகரும் மரபணுக் கூறுகளும் ஓம்புயிரின் வாழ்தகுதியும்

நகரும் மரபணுக் கூறுகள், மரபுத்தொகுதிக்குள் இடம் மாறவோ ஓர் உயிரணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவோ வல்ல டி.என்.ஏ. துண்டுகள். பிளாஸ்மிட், டிரான்ஸ்போசான், பாக்டீரியாவுக்குள் தங்கும் ஃபேஜ் வைரஸ் ஆகியவை இவ்வகை. இவை ஓம்புயிரின் வாழ்தகுதியை, அதாவது பிழைத்துப் பெருகும் திறனைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். கூடுதல் டி.என்.ஏ.வைப் படியெடுக்க ஆற்றல் செலவாகிறது; அதற்கு ஈடான பயன் கிடைப்பது சூழலைப் பொறுத்தது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு: வாந்திபேதி எனும் காலராவின் கிருமியான விப்ரியோ காலரே.

1992-இன் பிற்பகுதியில் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாய்ப் பரவியது ஓ1 வகை மட்டுமே. புதுக்கிருமியின் மேலுறைச் சர்க்கரை வேறாக இருந்ததால், முன்பு ஓ1 காலரா கண்டு தேறிய பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி கைகொடுக்கவில்லை.

இந்த மேலுறை மாற்றம் எப்படி நேர்ந்திருக்கலாம் என்பதற்குக் கடற்கரையிலேயே தடயம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டக் கட்டுமாவடி போன்ற கரையூர்களில் வலையில் ஏறும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்ற பொருள் உள்ளது. உவர்நீரில் வாழும் காலராக் கிருமி கைட்டின்மேல் ஒட்டி வளரும்போது, சுற்றிலும் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளிழுக்கிறது என்பது 2005-இல் நிறுவப்பட்டது. 2007-இல் ஆய்வகத்தில் கைட்டின்மேல் வளர்த்த ஓ1 கிருமி, ஓ139-இன் மேலுறை மரபணுக்களைப் பெற்று ஓ139 ஆகவே மாறியது.

காலராவின் நச்சும் இரவல் சொத்துதான். 1959-இல் கொல்கத்தாவில் எஸ்.என். டே இனங்காட்டிய அந்த நச்சுக்கான மரபணுக்கள் ஒரு ஃபேஜில் உள்ளன என்பதை ஆய்வாளர்கள் வால்டோரும் மெக்கலனோஸும் 1996-இல் காட்டினர்.

அதே ஆண்டில், சென்னையில் பிரித்தெடுத்த எம்ஓ10 கிருமியில் எஸ்எக்ஸ்டி என்ற கூறு கண்டறியப்பட்டது. சுமார் 1,00,000 கார இணைகள் நீளமுள்ள அது, கோ-டிரைமாக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளுக்கு எதிர்ப்பைச் சுமந்தது. மருந்து இல்லாத இடத்திலும் அது எளிதில் கைவிடப்படுவதில்லை. கிருமியையே தாக்கும், நீடித்து நிற்கும் ஒரு நஞ்சையும் விரைவில் சிதையும் அதன் முறிவையும் அது சேர்த்தே உண்டாக்குகிறது. கூற்றை இழந்த கிருமியில் முறிவு தீர்ந்துவிடும், நஞ்சு மிஞ்சும். கிருமியின் வளர்ச்சி குன்றும். கிருமியின் நலனும் கூற்றின் நலனும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் ஏற்பாடு அரிது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து டி.என்.ஏ.வைச் சிதைத்தாலோ, கூறு அடுத்த கிருமிக்குத் தாவும் வேகம் கூடுகிறது. மருந்தைக் கண்டபடி பயன்படுத்துவதன் தீங்கு இங்கே இரட்டிப்பாகிறது.

ஃபேஜ் தாக்குதலிலிருந்து கிருமியைக் காக்கும் மரபணுக்களும் எஸ்எக்ஸ்டி குடும்பக் கூறுகளில் உள்ளன என்று 2021-இல் தெரியவந்தது. ஓ139 பின்னர் மங்கிவிட்டது. இக்குடும்பக் கூறுகளோ ஓ1-இல் நிலைத்துவிட்டன. 2010-இல் ஹைட்டியில் பரவிய காலராக் கிருமியும் அத்தகைய ஒன்றைச் சுமந்திருந்தது.