கவுன்சலிங்: ஒரு சொல் கடந்து வந்த பாதை



கவுன்சலிங் என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரிச் சேர்க்கைதான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்றே பேச்சு இருக்கும். ஆனால் "பிள்ளையைக் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போங்கள்" என்று யாராவது சொல்லிவிட்டால், "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று கோபம் வந்துவிடுகிறது. இதன் வரலாறு தெரிந்தால் அந்தக் கோபம் வராது.

உண்மையில் இது தொடங்கியதே வேலை தேடிய இளைஞர்களுக்காகத்தான். 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் திறந்தார். அவரே பொறியாளர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று பல வேலை பார்த்தவர். வந்தவர்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். உன்னை நீ அறிந்துகொள், தொழில்களைப் பற்றித் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வழி.

அடுத்த திருப்பம் கார்ல் ரோஜர்ஸ். ராச்செஸ்டர் நகரில் சிறுவர்களுக்கான நிலையத்தில் பணியாற்றிய உளவியலாளர். அடங்காத மகனை ஒரு தாய் அழைத்து வந்தார். தவறு தாயின் அணுகுமுறையில் இருக்கிறது என்று ரோஜர்ஸ் பலமுறை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. இத்துடன் நிறுத்திக்கொள்வோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வாசல் வரை போன அந்த அம்மா திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா?" என்று கேட்டார். மீண்டும் உட்கார்ந்து தன் மணவாழ்க்கைத் துயரத்தையெல்லாம் கொட்டினார். அதன் பிறகே மகனிடமும் மாற்றம் வந்தது. எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் உணர்ந்தது அப்போதுதான். 1942-இல் வந்த அவர் நூல், அறிவுரையைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டச் சொன்னது.

மூன்றாமவர் இங்கிலாந்துப் பாதிரியார் சாட் வாரா. 1935-இல் அவர் அடக்கம் செய்த ஒரு 14 வயதுச் சிறுமி, முதல் மாதவிலக்கை ஏதோ கெட்ட நோய் என்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டவள். நம் வீடுகளில் ஊரைக் கூட்டிச் சடங்கு வைக்கும் விஷயம்! கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாமல் ஓர் உயிர் போயிற்று. 1953-இல் லண்டனில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, மனம் உடைந்தவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். தற்கொலை முயற்சி அங்கே குற்றமாக இருந்த காலம் அது. 1961-இல்தான் அந்தச் சட்டம் மாறியது.

நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாகத் தொண்டர்கள் இருந்தார்கள். பலர் அவர்களிடமே மனதைத் திறந்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்கள். அதைக் கவனித்த வாரா, கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுவே 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு.

சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா'வும் இப்படித் தொண்டர்களைக் கொண்டு நடப்பதே. நம் நாட்டிலும் தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த நிலையை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மாற்றியது. கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அவருக்கு உதவ வேண்டியது அரசின் கடமை என்றது.

இந்த மூன்று கதைகளும் சொல்வது ஒன்றுதான். கவுன்சலிங் என்பது புத்திமதி அல்ல. பயிற்சி பெற்ற ஒருவர், தீர்ப்புச் சொல்லாமல், வெளியே சொல்லாமல் நம் பேச்சைக் கேட்பது. கேட்கக் கேட்க, சிக்கலின் நுனி நமக்கே பிடிபடும். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளை, பேறுகாலம் முடிந்து காரணமின்றி அழும் பெண், துணையை இழந்த முதியவர், கடனில் தூக்கம் கெட்டவர் என யாரும் போகலாம். பைத்தியம் என்ற பேச்சே வேண்டாம். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். பேச வருபவரின் வாயை அடைப்பது அந்த ஒரு கேள்விதான்.

14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்